வரலாம், வரலாம்

முனிரெட்டி மனையில் இருபத்தேழு வண்டி நிற்கும்.
முப்பத்தொன்று நிறுத்தியிருக்கிறேன்
கண்ணாடிகளை மடக்கச் சொல்லி.

சுண்ணாம்புக் கோடு என்னுடையது.
மழை அழித்தால் என் செருப்புதான் கோடு.
வாயில் விசில், கக்கத்தில் நோட்டு,
வரலாம் வரலாம் வரலாம்
என்று கூப்பிட்டால் அத்தனை இரும்பும் பின்னால் வரும்.
போதும் என்றால் நிற்கும்.
என் வீட்டில் ஒரு ஆள் அப்படி நின்றதில்லை.

விடியலில் மடிவாளாவில் ஆட்களை உதிர்த்துவிட்டு
சந்தாபுரத்துக்குத் திரும்பி வரும் நாகர்கோவில் வண்டி.
காலி வண்டிக்கு ஒரு வாடை உண்டு:
நேந்திரங்காய் சிப்ஸ், ஈரத் துண்டு,
முப்பது படுக்கையிலும் முப்பது பேர் விட்டுப்போன பள்ளம்.
தேவசகாயம் அண்ணன் டிக்கிக்குள் பாய் விரிப்பார்.
சாயங்காலம் ஆறு வரை
அவரை எழுப்ப எமனுக்கும் என் அனுமதி வேண்டும்.

போன செவ்வாய்
மனையைச் சுற்றித் தகரம் அடித்துவிட்டார்கள்.
தகரத்தில் ஒரு நீச்சல்குளம், ஒரு குழந்தை, ஒரு பலூன்.
முனிரெட்டி என் கணக்கைத் தீர்த்தார்.
சுண்ணாம்பு அரை மூட்டை மிச்சம்.

சர்வீஸ் ரோட்டில் நின்றால்
நஞ்சேகவுடர் லத்தியால் வண்டியின் விலாவைத் தட்டுவார்:
முந்தே ஹோகி, முந்தே ஹோகி.
முன்னே போனால் அத்திப்பள்ளி,
அதற்கும் முன்னே ஜூஜுவாடி.
அங்கே நிற்கிறவர் நம்மவர்.
அழகான தமிழில் சொல்வார்: திரும்பிப் போப்பா.

இரண்டு ஊர் அதிகாரிகளும் கூடிப் பேசினார்களாம்.
டீயும் சமோசாவும் வந்ததாம்.
நெரிசல் எதிர்ப்பக்கத்தில்தான் என்பதில்
இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லையாம்.

ஆகவே வண்டி ஓடியது,
நிற்க இடமில்லாததால்.
டோலுக்கு முன்னால் ஒரு யூ-டர்ன்,
மேம்பாலத்துக்கு அடியில் ஒரு யூ-டர்ன்.
ஆளில்லாத முப்பது படுக்கை
டீசலைக் குடித்துக்கொண்டு நெரிசலில் நெரிசலாக.

வேலையில்லாத நானும் ஏறிக்கொண்டேன்.
மாற்று டிரைவர் காய்ச்சலென்று திருநெல்வேலியிலேயே இறங்கிவிட்டான்.
இரவு முழுக்க ஓட்டியவருக்குக் கண் சொக்கும்போதெல்லாம்
யாராவது பேசவேண்டும்.
மகளின் கணக்குப் பரீட்சையைச் சொன்னேன்.
ஏலச்சீட்டுக்காரன் ஓடிப்போன கதையைச் சொன்னேன், இரண்டு தடவை.
எல்லாம் தீர்ந்ததும் வாய் பழக்கத்தில் சொல்லிற்று:
வரலாம், வரலாம்.
அவர் சிரித்தார்.
"எங்கம்மா வர?"

ராத்திரி ஒன்பதுக்கு மடிவாளாவில் ஆட்கள் ஏறினார்கள்.
ஒருத்தி குழந்தையைக் கீழ்ப்படுக்கையில் கிடத்திவிட்டு
டிரைவர் தூங்கிட மாட்டாரே, என்று
விளையாட்டாகத்தான் கேட்டாள்.
நான் இறங்கிக்கொண்டேன்.

காலையில் ஃபோன் வரும்வரை அடுப்பு மூட்டவில்லை.
வண்டி போய்ச் சேர்ந்திருந்தது.

பிறகு நடந்தேன்,
சந்தாபுரத்துக் கல்யாண மண்டபங்களின் கேட்டுகளைத் தட்டிக்கொண்டு.
ஆஷாடம். முகூர்த்தமில்லாத மாதம்.
வாழை கட்டும் கம்பத்தில் பழைய கயிறு மட்டும்.
மூன்றாவது மண்டபத்து மேனேஜர்
வண்டிக்கு நூற்றைம்பது என்றார், நூற்றுக்கு வந்தார்,
சமையல்கட்டுப் பக்கம் ஹார்ன் அடிக்கக்கூடாது என்றார்.
அங்கே அவருடைய மாமியார் தூங்குகிறாராம்.

பதினொரு வண்டிக்கு இடம்.
இருபது வெளியே.
எந்தப் பதினொன்று என்று நான்தான் சொல்லவேண்டும்.
தூரத்தை வைத்துப் பிரித்தேன்:
நாகர்கோவில், தூத்துக்குடி, ராமேஸ்வரம் உள்ளே.
சேலத்துக்காரர் என்னைத் திட்டியதை எழுத முடியாது.
அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

சுண்ணாம்பு மூட்டையை அவிழ்த்தேன்.

ஆஷாடம் முடிந்ததும் இங்கே மேளம் வந்துவிடும்.
ஓசூரிலோ அதற்குப் பிறகும் மூன்று வாரம் ஆடி கிடக்கிறது.
அங்கே இரண்டு மண்டபம் பார்த்து வைத்திருக்கிறேன்.
அடுத்தடுத்த ஊர், காலண்டர் மட்டும் ஒத்துப்போகாது.
ஒத்துப்போகாமலே இருக்கட்டும்.

ஆவணியைப் பற்றி
தேவசகாயம் அண்ணன் எழுந்ததும் பேசிக்கொள்ளலாம்.
இப்போது மணி பதினொன்று.
சத்தம் போடாதீர்கள்.